இவருடைய முதுகைப் பார்க்கிறவள்

என் கணவர் றெனோல்ட் வீட்டுப் படியில் இறங்கும்போதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். சப்பாத்துக் கயிற்றுக்கு இரண்டு முடிச்சுப் போடுவார். வாகனமே இல்லாத தெருவிலும் பச்சை விளக்கு விழும்வரை நிற்பார். இந்த மனிதர் மொன்றியலில் எட்டு வருடமாகக் கூரை வேலை செய்கிறார் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். வந்த புதிதில் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு டோர்வலில் விமானப் பயணிகளின் பெட்டிகளைத் தூக்கினார். கடைசியில் கூரைதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் ஜினெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2006ஆம் ஆண்டு மாசி மாதம், எங்கள் மகளின் பிறந்தநாளுக்கு இவரோடு வேலை செய்யும் நகுலேஸ்வரன் வந்திருந்தார். இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் வாய் இளகிவிட்டது. அண்ணைக்கு என்ன குறை, காலமை காலமை ஒரு வெள்ளைக்காரி வந்தெல்லோ கட்டிவிடுகிறாள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையிலிருந்த கேக் கத்தியை மேசையில் வைத்துவிட்டுத்தான் சிரித்தேன்.

விருந்தினர் போனபின் இவரைப் பிடித்துக்கொண்டேன். விஷயம் இதுதான். கூரையின் ஓரத்துக்குப் போகிறவர்கள் தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் வாரால் கட்டிக்கொள்வார்கள். முதுகில் ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதில்தான் உயிர்க்கயிறு கொளுவப்படும். தன் முதுகைத் தானே பார்க்க முடியாது என்பதால், ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். வளையம் நடுவில் நிற்கிறதா, தொடை வார் இறுக்கமா என்று கையை விட்டுப் பார்க்க வேண்டும். இவருடைய சோடி ஜினெட். அந்தக் குழுவில் ஒரே பெண்.

“அது சேஃப்டி, சிசிலி. அவள் என்னைப் பாக்கேல்லை, கொக்கியைத்தான் பாக்கிறாள்.”

“தொடையில கை வைச்சோ கொக்கியைப் பாக்கிறது?”

இவர் கேக் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். இவருக்குச் சண்டை என்றால் பயம். அந்தப் பயத்தை நான் பதினெட்டு வருடமாக நன்றாகப் பயன்படுத்தி வந்திருக்கிறேன்.

பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. தையல் ஆலையில் மெஷின் முன் இருந்தாலும் அந்தக் கைதான் கண்ணுக்குள் நிற்கும். முகம் தெரியாத ஒருத்தியின் கை. இவருக்கு எத்தனையோ வருடமாக நான் ஒரு பொத்தான்கூடப் போட்டுவிட்டதில்லை. அவள் தினமும் ஏழு மணிக்குக் கட்டிவிடுகிறாள்.

சாம்பல் புதனோடு தவக்காலம் தொடங்கியது. அன்று நான் தீர்ப்புச் சொன்னேன். இனி வாரை வீட்டிலேயே நான்தான் கட்டிவிடுவேன், வேறு கை படக் கூடாது. லாசாலில் எங்கள் வீட்டுக் குசினியில், விடிய ஐந்தரைக்கு, தொடைவரை இறங்கும் தடித்த குளிர்க்கோட்டுக்கு மேலே வாரை இழுத்துக் கட்டினேன். தொடை வார்களைப் பூட்டும் கொளுவிகள் இரண்டிலும் சிவப்பு நூலால் முடிச்சும் போட்டேன். யாராவது திறந்தால் பின்னேரம் எனக்குத் தெரிந்துவிடும். மார்புக் கொளுவிக்கு நூல் போடவில்லை. எனக்குத் தொடைதான் பிரச்சினை.

இவர் அதோடு கொம்பனி வானில் ஏறி வேலைக்குப் போனார். பரசூட்டில் குதிக்கப் போகிறாயா என்று மற்றவர்கள் கேட்டார்களாம். ஜினெட் வழக்கம்போலப் பார்க்க வந்தபோது, மனைவி சொன்னாள் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. தவக்கால நேர்த்திக்கடன், உயிர்த்த ஞாயிறுவரை பெண்கள் கை படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். சிவப்பு நூலையும் நேர்த்திக் கயிறு என்று காட்டியிருக்கிறார். அவள் கோயிலுக்குப் போவதை விட்டு முப்பது வருடமாம். ஆனாலும் தாய் தகப்பன் அப்படி வளர்த்தவர்கள். தலையாட்டிவிட்டு, தள்ளி நின்று கண்ணால் மட்டும் பார்த்தாள்.

ஐந்து கிழமை இப்படியே போனது. பின்னேரங்களில் நூல் அப்படியே இருக்கும். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை ரொக்ஸ்பரோவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. பத்து மணிக்கு வெயில் ஏறிவிட்டது. இவருக்குக் கோட்டைக் கழற்ற வேண்டும். தொடைக் கொளுவியைத் திறந்தால் நூல் அறும், நூல் அறுந்தால் வீட்டில் நான். ஆகவே மார்புக் கொளுவியை மட்டும் திறந்து, காற்சட்டை கழற்றுவதுபோல வாரிலிருந்து காலை எடுத்து, கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, திரும்ப வாருக்குள் காலை விட்டு மார்பைப் பூட்டியிருக்கிறார். கோட்டின் தடிப்புக்குக் கட்டிய வார் வெறும் காற்சட்டையில் தொங்கியது. அரை மணித்தியாலம் கழித்து ஓரத்துத் தகரத்தை இழுக்கும்போது கால் வழுக்கியது.

கயிறு பிடித்தது. வார் பிடிக்கவில்லை. தொடை வழியே உடம்பு நழுவ, மார்பு வார் கழுத்துக்கு ஏறியது. ஜினெட் கூரை ஓரத்தில் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் இவருடைய சட்டையையும் தோள் வாரையும் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் ஏணி கொண்டுவர ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் என் கணவர் அந்தக் கையில்தான் இருந்தார்.

மருத்துவமனையில் முதல்முறை அவளைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். உயரம், நிமிர்ந்த உடம்பு, நல்ல வடிவு. அதையும் சொல்லத்தான் வேண்டும். முழங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. எனக்கு விளங்கவேண்டும் என்று பிரெஞ்சை மெல்ல மெல்லப் பேசினாள். அவருக்கு இடது தோள் பின்னுக்குப் போகாது என்று தெரிந்தும் விட்டுவிட்டேன், இரண்டு வருடமாக அந்தப் பக்க வாரை நான்தான் எடுத்துக் கொடுப்பேன், நேர்த்தி என்றதால் ஒதுங்கிவிட்டேன், மன்னியுங்கள் என்றாள்.

இடது தோள் பின்னுக்குப் போகாது என்பது எனக்குத் தெரியாது. ஒரே கட்டிலில் படுக்கிறவள், ஐந்து கிழமை வாரும் கட்டிவிட்டவள் நான். அந்த இடத்தில் எனக்கு வந்தது கவலை அல்ல, பொறாமைதான். ஆனால் அந்த முழங்கைகளைப் பார்த்துக்கொண்டு பொய்யை வைத்திருக்க முடியவில்லை. நேர்த்தி ஒன்றும் இல்லை, நீ தொடக் கூடாது என்று நான்தான் கட்டி அனுப்பினேன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். சிகரெட் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனவள் திரும்பி வரவில்லை.

விழுந்ததில் பிசகிய தோள் சரிவர மூன்று மாதம். ஆடியில் இவர் திரும்பவும் வேலைக்குப் போனார். முதல் நாள் பின்னேரமே கேட்டேன், யார் பார்த்தது என்று. நகுலேஸ்வரனாம். இவரோடு இனிச் சோடி வேண்டாம் என்று ஜினெட் ஃபோர்மனிடம் சொல்லிவிட்டாளாம். நகுலேஸ்வரன் எப்படிப் பார்த்தார் என்று கேட்டேன். இவர் சொல்ல விரும்பவில்லை. நான் விடவில்லை.

“தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, அங்கை நிண்டு ஓகே எண்டவன்.”

அன்று இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. எந்தப் பெண்ணும் என் கணவரைத் தொடவில்லை.

அடுத்த நாள் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, இவரோடு நானும் வானில் ஏறினேன். இவர் வேண்டாம் என்றார், மானம் போகும் என்றார். முதலில் உயிர், மானத்தைப் பேந்து பார்ப்போம் என்றேன். கட்டடத்தின் முன்னால் ஜினெட் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். நான் போய் முன்னால் நின்றேன். வழி முழுக்கப் பாடமாக்கிய பிரெஞ்சு பாதி மறந்துபோயிற்று. நீ பார், வேறு ஒருவரும் வேண்டாம், நீ பார் என்று மட்டும் வந்தது. கண்ணீரும் வந்தது. அதை நான் கேட்கவில்லை, அதுவாக வந்தது.

அவள் தலைக்கவச வாரைப் பூட்டி முடித்தாள். பிறகு கையுறையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு இவரிடம் போனாள். வளையத்தைத் தோள்களுக்கு நடுவே இழுத்து நிறுத்தினாள். இடது வாரை எடுத்துக் கொடுத்தாள். குனிந்து தொடை வாருக்குள் விரல்களை விட்டாள். விட்டபடி, இது போதுமா என்பதுபோல என்னை நிமிர்ந்து பார்த்தாள். இவர் வெட்கத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னும் இறுக்கு,” என்றேன்.