டாக்டருக்கு மாசம் மூன்று பிறந்தநாள்

நேற்று மனைவி போனில், "வோட்டர் லிஸ்ட்ல உங்க பேரக் காணோம்ங்க. ஊர்ல இல்லாத ஆளுன்னு எடுத்துட்டாங்களாம்" என்றாள். போனால் போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். இருபது வருஷத்தில் ஒரு தேர்தலுக்கும் எனக்கு லீவு வாய்த்ததில்லை. ஆனால் இங்கே வளைகுடாவில், முவைலா ரூமில் வந்து படுத்தால் மூக்கில் வெனிலா எசன்ஸ் வாசனை. டாக்டர் ஞாபகம் வந்துவிட்டது.

முன்பு சத்வா கடைத்தெருவில் நான் வேலை பார்த்த கேக் கடையின் மாடிக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒன்பது பேர் வருவார்கள். ஜனநாயகம் கேட்டதற்காகச் சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள். எந்த நாடு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இங்கே கட்சிக் கூட்டம் போட முடியாது, பிறந்தநாள் கொண்டாடலாம். அதனால் வாரம் ஒரு கேக். அதில் பெயர் எழுதுவது என் டியூட்டி. யார் முறை என்று குறித்துவைக்கத் துப்பில்லாமல், ஒரே மாசத்தில் அவர்களில் ஒருவரான டாக்டர் பெயரையே மூன்று தடவை எழுதிவிட்டேன். கேக் மாஸ்டர் நேசன் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். தலையில் அடித்துக்கொண்டார். "உந்த மனுசன் எத்தினை தரமடா பிறப்பார்?"

ஒருநாள் அவர்களுக்குள் தலைவர் தேர்தல். ஒருவரை ஒருவர் நம்பாததால், அவர்கள் பாஷை தெரியாத நானே தேர்தல் அதிகாரி! கேக்கில் செருகும் நம்பர் மெழுகுவத்திகள்தான் சின்னம். கேக் டப்பாதான் ஓட்டுப்பெட்டி. எண்ணினேன். ஏழு பேருக்குத் தலா ஒன்று, ஒருவருக்கு இரண்டு. நாலாம் நம்பர் டாக்டருக்கு முட்டை. அட, அந்த மனுஷன் மட்டும்தான் தனக்கே போட்டுக்கொள்ளவில்லை!

எல்லாருக்கும் முன்னால் கைதட்டியதும் அவர்தான். கேக்கை வெட்டிக்கொண்டே அரைகுறை இந்தியில், "பாய், சாகறதுக்குள்ள என் ஊர்ல ஒரே ஒரு தடவை ஓட்டுப் போடணும். அப்புறம் கலாஸ், எல்லாம் முடிஞ்சுது" என்றார். ஐம்பத்தைந்து வயதுவரை நிஜத் தேர்தலைப் பார்க்காதவர். நான் ஒரு துண்டுக் கேக்கை வாயில் திணித்துக்கொண்டேன்.

அங்கே ஒருவழியாகத் தேர்தல் அறிவித்ததும் முதல் ஆளாக விமானம் ஏறினார். பிறகு வாட்ஸாப்பில் மை வைத்த விரலின் படம் வந்தது. கூடவே ஒரு வரி: 'எங்கள் சாவடியில் கட்சிக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அது என்னுடையது.' நானும் நேசன் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதற்கும் இரண்டாவது டிக் விழவில்லை.

அந்தக் கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நேசன் அண்ணன் ஊருக்கே போய்விட்டார். இப்போது என் பெயரும் போய்விட்டதாம். விட மனசில்லை. ஊருக்கு நேரில் போய்ப் பெயரைச் சேர்த்துவிட்டு வரலாம் என்று காலையில் லீவு பாரம் வாங்கினேன். காரணம் என்ற இடத்தில் ஓட்டு என்று எழுதினால் மேனேஜர் "மாஃபி, லீவு கிடையாது" என்பார். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறந்தநாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.