எடுத்த இடம்தான் எரியும்

பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், எனக்கு ஆபரேஷன் நடந்த மூன்றாம் நாள் காலையில், பாலக்கரையிலிருந்து வேலைக்கு வரும் ஸ்டெல்லா சிஸ்டர் என் கட்டிலருகே நின்று, "என்னம்மா, பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். திருச்சியில் வந்து இறங்கிய நாள் முதலாக எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்வி இது. ரேஷன் கடையிலும் குழாயடியிலும் பஸ்ஸிலும் என் ரங்கூன் தமிழ் காதில் விழுந்தவுடனே, "பர்மாவா? எங்க ஊரு பிடிச்சிருக்கா?" என்பார்கள். மரியாதைக்கு "பிடிச்சிருக்குங்க" என்று சொல்லி வைப்பேன். அன்று தொடை எரிந்த எரிச்சலில் மரியாதைக்கெல்லாம் தெம்பில்லை. "பிடிக்கலீங்க சிஸ்டர். கொஞ்சம்கூடப் பிடிக்கல" என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. கையிலிருந்த தட்டை என் காலடியில் வைத்துவிட்டு ஓடினார். ஐந்தே நிமிஷத்தில் டாக்டர் வந்தார். என் வலது கையைக் கட்டோடு தூக்கி முகர்ந்து பார்த்தார், நகங்களை அழுத்திப் பார்த்தார், கட்டின் ஓரத்தைக் கத்தரியால் நெம்பினார். நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில் ஸ்ரீரங்கத்து மாமி "ரங்கா ரங்கா" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். "யாரு சொன்னது பிடிக்கலைன்னு?" என்று டாக்டர் சத்தம் போட்டார். "நான்தாங்க. ஊரு பிடிக்கலைன்னு சொன்னேன்" என்றேன். வார்டே சிரித்தது. அவர்கள் கேட்டது தோலைப் பற்றி. என் தொடையிலிருந்து சீவி எடுத்து முழங்கைக்குக் கீழே ஒட்டிய தோல், ஒட்டுமாங்கன்று பிடிப்பதுபோல் சதையோடு சேர்ந்து பிடித்துவிட்டதா என்பது கேள்வி. உள்ளே ஏதாவது கெட்டுப் போனால் நாற்றமும் கசிவும் நோயாளிக்குத்தான் முதலில் தெரியுமாம்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "நாளன்னிக்குக் கட்டுப் பிரிக்கணும். அதுவரைக்கும் இந்தக் கை அசையக் கூடாது. ஆழமா வெட்டியிருக்கு. தோல் பிடிக்காம சீழ் வெச்சுதுன்னா முழங்கையோட எடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட அழக் கூடாது" என்றார். அது நான் பிழைக்கிற கை. திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய ஆலை கட்டுகிற இடத்தில், ரோட்டோரம் பஜ்ஜி போட்டு விற்கிற கை. என் வீட்டுக்காரருக்கு அந்த ஆலையில் வாரத்தில் மூன்று நாள் மண் சுமக்கிற வேலை கிடைத்தால் அதிகம்.

ரங்கூனில் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும், எனக்கு முன்னால் இங்கே வந்து கூரை போட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சர்க்கார் காகிதத்தில் நாம் தாயகம் திரும்பியவர்கள். நான் எங்கே திரும்பினேன்? பிறந்தது ரங்கூன், வளர்ந்தது ரங்கூன். என் அப்பாவுக்குப் பாலக்கரை சொந்த ஊர் என்பதோடு எனக்கும் திருச்சிக்குமான உறவு முடிந்தது. திரும்பியவர் என் வீட்டுக்காரர். பதினாறு வயதில் தென்னூரிலிருந்து புறப்பட்டவர், நாற்பத்தைந்தில் திரும்பினார். நான் கூட வந்தேன். ரங்கூன் துறைமுகத்தில் சுங்கக்காரர்கள் என் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி வாங்கிக்கொண்டு, பெட்டிக்கடியில் கிடந்த ஒரு முழத் தனக்காக் கட்டையை மட்டும் வேண்டாமென்று விட்டார்கள். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தனக்கா என்பது பர்மாப் பெண்கள் கல்லில் உரைத்துக் கன்னத்தில் பூசுகிற மரப்பட்டை. மாமி அதைச் சந்தனம் என்றே கடைசிவரை நம்பினார்.

கப்பலில் ஒரு குமாஸ்தா அங்க அடையாளம் எழுதினார். என் கையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா தீக்காயம்? கலவரமா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "ஆமாங்க, பர்மாக்காரனுங்க செஞ்சது" என்றார். அந்தச் சொல் எங்களுக்கு முன்பாகவே திருச்சிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதைக் கேட்டுத்தான் குடிசை போட இடம் விட்டார்கள், பழைய புடவை கொடுத்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பொய்யில் பாதி என்னுடையது.

வந்த முதல் கோடையில் பதினெட்டு வருஷத்துத் தழும்பு நடுவில் வெடித்தது. களிம்பு போட்டால் மூடும், மறுபடி வெடிக்கும். பிறகு மூடவே இல்லை. ஓரம் பூரான்போல் தடித்துச் சுருண்டது. மாவு பிசையும்போது எனக்கே குமட்டுகிற நாற்றம். டாக்டர் ஒரு துணுக்கு வெட்டி மதராசுக்கு அனுப்பினார். பதில் வந்தபோது, "புத்துநோய். பழைய தீத்தழும்புல சில பேருக்கு வரும். சுத்தி நல்ல சதையையும் சேர்த்து வெட்டணும்" என்றார். என் வீட்டுக்காரர் அவர் காலில் விழாத குறைதான். "அவளுக்கு எதுக்குங்க இன்னொரு காயம்? ஒட்டுறதுக்கு என் தோலை எடுத்துக்குங்க" என்றார். டாக்டர் தலையை ஆட்டினார். "அடுத்தவங்க தோல் நிக்காதுப்பா. ரெண்டு மூணு வாரத்துல உரிஞ்சு விழுந்துடும். அவங்கவங்க தோல்தான் அவங்கவங்களுக்கு." என் தோலை எடுக்கவிருந்த அந்த நேரத்திலும் எனக்கு மகா சந்தோஷமாக இருந்தது.

ஏனென்றால் என் கையைச் சுட்ட எண்ணெயை ஊற்றியவர் அவர்தான். அன்று ரங்கூனில் பகோடா என்கிற புத்தர் கோயிலில் திருவிழா. பக்கத்து வீட்டு மா தின் எனக்குக் கைலி மாதிரியான லோஞ்ஜி கட்டிவிட்டு, இரண்டு கன்னத்திலும் வட்டமாகத் தனக்கா பூசி அழைத்துப் போனாள். நான் அவளை அமா, அதாவது அக்கா என்று கூப்பிடுவேன். திரும்பி வந்து அதே முகத்தோடு சாயங்கால வியாபாரத்துக்கு அடுப்பு மூட்டினேன். அவர் வந்து பார்த்தார். "பர்மாக்காரி ஆயிட்டியாடி? மூஞ்சியைக் கழுவு" என்று முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். "நான் பொறந்தது இங்கதான், அப்ப நான் பர்மாக்காரிதான்" என்றேன். காய்ந்த எண்ணெய்ச் சட்டியைத் துணியோடு பிடித்துத் தூக்கி என் முகத்தைப் பார்த்துக் கவிழ்த்தார். நான் கையைத் தூக்கி மறைத்தேன். முகம் பிழைத்தது. தோல் உரிந்து வளையலோடு தொங்கியதை நானே பார்த்தேன். மா தின்தான் கதவை உடைத்துக்கொண்டு வந்தவள். விறகுக் கட்டையால் அவரை அடித்து விரட்டிவிட்டு, நாலு மாதம் தேன் தடவிப் புண்ணை ஆற்றியவளும் அவள்தான். தொடும்போதெல்லாம் "நாதலா, நாதலா" என்பாள். வலிக்கிறதா என்று கேட்கிறாள்.

திருச்சி ஆஸ்பத்திரியில் கை அவ்வளவாக வலிக்கவில்லை, தொடைதான் கொன்றது. "எடுத்த இடத்தை விட்டுட்டு ஒட்டின இடத்தைப் பத்தியே கேக்கறீங்களே" என்று ஸ்டெல்லா சிஸ்டரிடம் எரிந்து விழுந்தேன். "ஒட்டின இடம் வலிக்காதும்மா. எடுத்த இடம்தான் எரியும்" என்றார்.

நாலாம் நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் வழக்கம்போல் ஒரு பித்தளைச் செம்பில் கஞ்சி கொண்டுவந்தார். தன் தோலைத் தருகிறேன் என்று அவர் சொன்னது வார்டு முழுக்கத் தெரிந்துபோய், அவருக்கு மாப்பிள்ளை மரியாதை நடந்துகொண்டிருந்தது. மாமி காலில் ஆறாத புண்ணோடு மாதக்கணக்கில் கிடப்பவர், பேச்சுக்கு ஏங்குபவர். "என்ன புண்யம் பண்ணினியோடியம்மா, இப்பேர்ப்பட்ட ஆத்துக்காரர் அமைஞ்சிருக்கார். உன் மேல எண்ணெயைக் கொட்டினாளே அந்தப் பர்மாக்காரா, அவா கையெல்லாம் அழுகிப் போகாதோ?" என்றார். என் வீட்டுக்காரர் செம்பை என் கட்டிலில் வைத்துவிட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டார். "மனுஷங்களே இல்லீங்க மாமி, மிருகங்க. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இருந்தா. அவதான் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து வீட்டைக் காட்டிக் கொடுத்தா."

மா தின்னைச் சொன்னார்.

இடது கையால் செம்பை எடுத்தேன். கஞ்சியோடு அவர் புருவத்தில் அடித்தேன். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. மறுபடி அடித்தேன். கஞ்சியும் ரத்தமும் அவர் சட்டையில் வழிந்தன. மூன்றாவது அடிக்கு அவர் கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். அன்றைக்கு நான் மறைத்த மாதிரியே. அதைப் பார்த்தும் என் கை நிற்கவில்லை. அந்தக் கை மேலும் ஒன்று போட்டேன். "இவருதாங்க ஊத்தினாரு! பர்மாக்காரன் இல்ல, இவரு! மா தின் இல்லேன்னா நான் செத்திருப்பேன்!" என்று கத்தினேன்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தபோது அவர் நெற்றியைத் துண்டால் அழுத்திக்கொண்டு நின்றார். "என்னய்யா ரத்தம்?"

"வழுக்கி விழுந்துட்டேங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் தரையில் கிடந்த செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போது மாமி வாயைத் திறந்தார். "ஆமாம், விழுந்தார். நான் பார்த்துண்டுதானே இருந்தேன். தரையெல்லாம் ஜலம்." டாக்டர் நகர்ந்த பிறகு என் வீட்டுக்காரரிடம் குரலை இறக்கி, "நீர் நாளையிலேர்ந்து கஞ்சி கொண்டுவர வேண்டாம். என் பிள்ளை எனக்குக் கொண்டுவரச்சே இவளுக்கும் கொண்டுவருவான். போம்" என்றார். அவர் போனார். அவருக்கு நெற்றியில் ஐந்து தையல்.

அதற்குப் பிறகுதான் என் வலது கையைப் பார்த்தேன். கட்டின் மணிக்கட்டுப் பக்கம் சிவப்பு ஊறி ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. அடித்தது இடது கை. ஆனால் உடம்பு முழுவதும் சேர்ந்துதானே அடித்தது? என் கையை நானே வெட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

மறுநாள் காலை கட்டுப் பிரித்தார்கள். ஸ்டெல்லா சிஸ்டர் உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, துணியை இழை இழையாகத் தூக்கினார். கடைசி மடிப்பு காய்ந்த ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. டாக்டர் இடுக்கியால் ஒரே இழுப்பாக இழுத்தார். என் பல்லில் கவ்விய துண்டு கிழிந்தது. பிறகு குனிந்து ஓரம் ஓரமாக அழுத்திப் பார்த்தார். மாமி உரக்க ரங்கநாதனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பிடிச்சிருக்கு" என்றார் டாக்டர். ரோஜா நிறத்தில் ஒரு சாண் நீளத் தோல் என் கையில் உயிரோடு இருந்தது. மணிக்கட்டுப் பக்கம் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுத்துச் செத்திருந்தது. அதை விரலால் காட்டி, "வழுக்கி விழுந்தது அவரு. உன் கை எப்படிம்மா நகர்ந்துது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த ஒரு ரூபாய் ஆற இரண்டு மாதம் ஆயிற்று.

இப்போது மறுபடி அடுப்பு மூட்டுகிறேன். அவரும் அதே குடிசையில்தான் இருக்கிறார். விட்டுவிட்டுப் போக எனக்கு வேறு ஊர் இல்லை, மன்னிக்க எனக்கு மனசும் இல்லை. கையைப் பற்றி யார் கேட்டாலும், "இவர் ஊத்தினது" என்று அவர் காதுபடச் சொல்கிறேன். நெற்றியைப் பற்றிக் கேட்டால் அவர் இன்னும் வழுக்கித்தான் விழுகிறார். போன வாரம் ஸ்டெல்லா சிஸ்டர் பஸ்ஸில் வந்து இறங்கி, பஜ்ஜி தின்றுகொண்டே, "இப்ப ஊரைத்தான் கேக்கறேன். பிடிச்சிருக்கா?" என்றார். "கை பிடிச்சிருக்கு சிஸ்டர். ஊருக்கு இன்னும் கட்டுப் பிரிக்கலீங்க" என்றேன்.

தினமும் காலையில் தனக்காக் கட்டையைக் கல்லில் உரைத்து முகத்திலும் கையிலும் பூசிக்கொள்கிறேன். அவர் பார்க்கிறார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறார். அடுப்பு அனலிலும் திருச்சி வெயிலிலும் பத்து மணிக்குள் முகத்தில் இருப்பது வியர்வையோடு கரைந்து ஓடிவிடும். ஒட்டிய தோலுக்கு வியர்க்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடையைக் கட்டும்போது பார்த்தால், அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் காலையில் பூசிய தனக்கா பூசியபடியே இருக்கிறது.