மோட்டார் அறைச் சாவி

அத்தானை அடக்கம் செய்த அன்று, முப்பது வருடம் கோயில் ஊற்றைக் காத்த புண்ணியவான் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். நான் வாயைத் திறந்திருந்தால் அசிங்கமாகியிருக்கும். மோட்டார் அறைச் சாவி என் கைப்பையில் கிடந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். பிழைப்புக்குக் குழாய் வேலை. மீதி நேரமெல்லாம் வயல்களுக்கு நடுவே, பாறையை ஒட்டி நிற்கும் அந்தச் சின்னக் கிறிஸ்தவக் கோயிலுக்குத்தான். மணி அடிப்பது, மெழுகு சுரண்டுவது, ஒழுகும் கூரை ஓடுகளை மாற்றுவது எல்லாம் அவர் தலையில். ஆடு மேய்த்த ஒரு பார்வையில்லாத பெண், பாறையில் கசியும் ஊற்றில் முகம் கழுவிக் கண் பெற்றாள் என்று கதை. அவளுடைய பேரப்பிள்ளைகள் கல் சுமந்து கோயிலைக் கட்டினார்களாம். நெருக்கியடித்தால் நாற்பது பேர் உட்காரலாம். கண்நோய்க்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். குழந்தைகளின் கண்ணைக் கழுவிவிடுவது அக்காதான்.

மலைக்குப் பின்னால் கல்குவாரியில் வெடி வைக்க ஆரம்பித்த வருடம் ஊற்று நின்றது. அப்போதிருந்த பாதிரியார் அத்தானைத் தனியாக அழைத்தார்.

"மழை வர்ற வரைக்கும்தான்பா. உனக்கும் எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்."

கோயிலுக்குப் பின்னாலிருந்த ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து பாறைக்குள் ஒரு சின்னக் குழாய் இழுத்தார் அத்தான். கசிவது போலவே கசிந்தது, அவ்வளவு நேர்த்தியான வேலை. மோட்டார் செடிகளுக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். மழை வந்தது, ஊற்று வரவில்லை. பாதிரியார் மாற்றலாகிப் போனார். கடவுளும் அத்தானும் மிஞ்சினார்கள்.

அக்காவுக்கு ஐம்பது வயதில் பார்வை ஓரங்களில் மங்கியது. டாக்டர் பூசி மெழுகவில்லை.

"கண்ணுல அழுத்தம் ஏறிடுச்சும்மா. போன பார்வை போனதுதான். ஒரு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணா மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

"ஊரார் கண்ணையெல்லாம் கழுவினேன். என் கண்ணுக்கு மட்டும் கத்தியா?" என்றாள் அக்கா. தினமும் விடிந்ததும் போய் ஊற்றில் கழுவினாள்.

உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொன்னால், கழுவிவிட்ட அத்தனை குழந்தைகளையும் நினைத்தே அவள் உருகிப்போவாள் என்று அத்தானுக்குப் பயம். குறுக்கு வழி ஒன்று பிடித்தார். ஊற்று நின்றால் தானாக ஆஸ்பத்திரிக்கு வருவாள் என்று கணக்குப் போட்டு, ஒரு காலையில் மோட்டாரைப் போடாமல் விட்டார்.

அக்கா காய்ந்த பாறையைத் தடவிப் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "என் பாவந்தான் ஊத்தை வத்த வச்சிடுச்சு" என்று மூன்று நாள் சோறு தண்ணி தொடவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், மசியவில்லை. நான்காம் நாள் உதடு வெடித்து அவள் சாய்ந்தபோது, அத்தான் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் வந்தது. அக்கா பாறையில் முகத்தை வைத்து அழுதாள்.

"மன்னிச்சிட்டாருடி. என்னை மன்னிச்சிட்டாரு."

அதற்குப் பிறகு அவளை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்ப யாராலும் முடியவில்லை. வருடக் கடைசிக்குள் இரண்டு கண்ணும் போயின.

அதன் பிறகுதான் அத்தான் சொன்னார், அதுவும் என்னைத் துணைக்கு உட்கார வைத்துக்கொண்டு. எனக்கு அவரை அறையவேண்டும் போலிருந்தது. பாவமாகவும் இருந்தது. அக்கா முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நாலாம் நாள் ஏன் போட்டீங்க?"

"நீ செத்துடுவியோன்னு பயந்துட்டேன்."

"செத்திருந்தா உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே செத்திருப்பேன்."

அக்கா அப்புறம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அத்தான் மட்டும் தினமும் போய் மோட்டாரைப் போட்டார். வாசலில் வரிசை நிற்கிறதே, என்ன செய்ய என்பார். படுத்த படுக்கையான அன்றுதான் சாவியை என்னிடம் கொடுத்தார். அவர் கண்ணை மூடும் வரை நான் போய்ப் போட்டேன், அதன் பிறகு போடவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். "அத்தான் போன துக்கத்துல ஊத்தும் வத்திடுச்சுன்னு பேசிக்கிறாங்கக்கா."

அக்கா கையை நீட்டினாள். "சாவியைக் குடு."

கொடுத்தேன். தடவிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் இருக்கற வரைக்கும் யாரும் அதைப் போட வேணாம்" என்றாள்.