பார்சல் குமாஸ்தா சொல்லாத தமிழ்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். குற்றாலநாதர்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இன்று எழுதுகிறேன்.

யுத்த காலத்தில் தென்காசி ஸ்டேஷனில் ஒரு பார்சல் குமாஸ்தா இருந்தார். ஒட்டிய கன்னம், மை படிந்த விரல், கலையாத திருநீறு. இங்கிலீஷில் எதை எழுதினாலும் வாய்விட்டுப் படித்து, உடனே தமிழிலும் சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்குவார்.

மதராஸ் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்த என் தம்பி, மங்குஸ்தான் தின்ன ஆசையாயிருக்கிறது என்று எழுதியிருந்தான். குற்றாலத்தில் நல்ல பழமாகப் பார்த்து வாங்கி, கூடையில் கட்டி, பார்சலில் அனுப்ப ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன்.

"ஓனர்ஸ் ரிஸ்க். வழியில அழுகினா ரயில்வே பொறுப்பில்லே, உங்க பொறுப்பு. சம்மதமா அண்ணாச்சி?"

"தமிழ்ல சொல்லாட்டி ரயில் நகராதோ?" என்று பின்னால் நின்ற வியாபாரி கேலி செய்தார்.

"ரயில் நகரும்வே. இவுகளுக்குப் புரியணும்லா!"

சில நாளில் கூடை பிரிக்காமலே ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்துவிட்டது. பதறிக்கொண்டு ஓடினேன். அதில் ஒட்டியிருந்த சீட்டை, "கன்சைனீ டிசீஸ்ட்" என்று வழக்கம்போல் வாய்விட்டுப் படித்தவர், அப்படியே நிறுத்திவிட்டார்.

"தமிழ்ல சொல்லுங்கய்யா."

பேனாவை மூடினார். கூடையைத் தாமே தூக்கிக்கொண்டு, மறு கையால் என் தோளைப் பிடித்தபடி வாசல்வரை வந்தார். தம்பி செத்துப்போனான் என்று அந்தக் கையால்தான் எனக்குத் தெரிந்தது.

இரக்கப்பட்டுச் சொல்லவில்லையா, நா எழவில்லையா, இன்றும் தெரியவில்லை. இதைப் பிறரிடம் சொல்கிறவர்கள் உள்ளபடியே சொல்லுங்கள். அவர் ஆறுதலாக ஏதோ சொன்னார் என்று சேர்த்துவிடாதீர்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.