பெரட்டில் முதல் பெயர்

சபை வாசல் பலகையில் இதை ஒட்டுகிறேன். திட்ட நினைப்பவர்கள் கீழே பென்சிலால் திட்டலாம்.

ஜெபிக்க நேரமே இல்லை என்று யோங் பெங்கிலிருந்து வரும் உபதேசியாரிடம் முறையிட்டிருந்தேன். "கிராணியாரே, முதல்ல கர்த்தர், பிறகுதான் தோட்டம். அதை எழுதி வச்சிக்குங்க" என்றார்.

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்கு வேறு காகிதம் ஏது? செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில், ஆட்களின் பெயர்களுக்கு மேலே "இயேசு" என்று எழுதினேன்.

இன்று காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்க, எல்லோரும் வரிசையாக நின்றார்கள். பழக்கதோஷம், மேலிருந்தே கூப்பிட்டுவிட்டேன்.

"இயேசு!"

பதில் இல்லை. வரவில்லை என்று குறிக்கப் பேனாவை வைத்தேன்.

ஆள் குறைந்தால் தனக்கு வரும் தலைக்காசு குறையுமே என்று கங்காணி பதறி ஓடிவந்தார்.

"அலமாக், ஆப்சென்ட் போட்டுடாதீங்க ஐயா! அவரு அப்பவே வந்துட்டாரு. மூணாம் நம்பர் காட்டுல பால் வெட்டிக்கிட்டிருக்காரு. என் கண்ணால பாத்தேன்!"

நெற்றி நிறையத் திருநீறு பூசியவர் பார்த்தேன் என்கிறார். ஞானஸ்நானம் பெற்ற நான் ஆப்சென்ட் போடப் போனேன்.

மூன்றாம் நம்பர் காட்டுக்குப் போய்ப் பார்க்க ஆசைதான். ஆனால் இன்று வேலை அதிகம்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது பார்த்தால், கீழே எழுதுங்கள்.