மீட்பு வள்ளத்தின் எட்டாவது இடம்

1952 ஜூன் 14, சனிக்கிழமை, காலை பத்து இருபது. தென்மேற்குக் காற்று, அடைமழை. கடலில் யாருக்கோ ஆபத்து என்று கோயில் மணி அடித்ததும் எங்கள் ஊர் மீட்பு வள்ளத்தைக் கடலில் தள்ளினார்கள். எட்டுப் பேர் உட்காரும் வள்ளத்தில் ஏழு பேரே இருந்தார்கள். பள்ளி வாத்தியாரான நான் பதறிப்போய் ஏறிக்கொண்டேன்.

"எறங்கும் வாத்தியாரே, ஆளு செரியாத்தான் இருக்கு" என்றார் துடுப்புப் போட்ட அந்தோணி.

"எட்டுக்கு ஒண்ணு கொறையுதே" என்றேன். அதற்குள் அலை எங்களை இழுத்துக்கொண்டது. பயமும் குதூகலமுமாக அலைகளை எண்ணினேன். இருபத்திரண்டாவது அலைக்கு அப்பால், கவிழ்ந்த கட்டுமரத்தைப் பற்றியபடி ஒருவன் மிதந்தான். அவனைத் தூக்கி வள்ளத்தில் ஏற்றியதும் பாரம் தாங்காமல் உள்ளே தண்ணீர் ஏறியது.

"நீரு இருக்க இடம் இவனுக்கு உள்ளதுல்லா வோய்" என்ற அந்தோணி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்தார். கரைவரை வள்ளத்தின் பின்னால் நீந்தியே வந்தார்.

ஒன்பது பேரும் பிழைத்தோம். வெறும் இடமாக நான் எண்ணியது ஓர் உயிருக்கான இடம் என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்தோணி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். மருந்துச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன்: நாலு ரூபாய் மூன்றணா.