பருப்பு வெந்த தண்ணீர்

வாளையார்ப் பக்கம் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் சப்பை, உப்பு ஏறியது. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதனாலேயே இரண்டு இடத்தில் எனக்குப் பெண் தர மறுத்தார்கள்.

எங்கள் ஊர் கேரளத்தோடு சேர்ந்த வருஷம், மூன்றாவது இடத்திலிருந்து வீடு பார்க்க வந்தார்கள். கூட ஒரு அம்மா. பெண்ணுக்கு என்ன உறவோ தெரியாது. கறுத்து ஒல்லியாக இருந்தார். கண்ட பாத்திரத்தையெல்லாம் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முந்தானையில் முடிந்து வந்த ஒரு பிடி துவரம்பருப்பை எங்கள் அடுப்பில் வேகவைக்கச் சொன்னார்.

இப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்து, காலையிலேயே ஆற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து ஒளித்திருந்தேன். என் அம்மா அதைத்தான் ஊற்றினாள். என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

பருப்பு மலர்ந்து வெந்தது. அந்த அம்மா வெந்நீர் அண்டாவின் உள்ளே சுரண்டினார். கிணற்றுத் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் பெயர்ந்தது.

"ஏனுங் தம்பி, ஆத்துத் தண்ணி யாரு கொண்டாந்தது?"

"நானுங்க."

"எத்தன தூரமுங்க?"

"ஒரு மைலுங்க."

"ஆம்பள கொடம் எடுத்தா ஊரு சிரிக்காதுங்களா?"

"சிரிக்கட்டுமுங்க."

"தெனமும் கொண்டாருவீங்களா?"

"கொண்டாருவேனுங்க."

நகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். பெண்ணின் அப்பாவிடம், "பருப்பு வெந்துருச்சுங்க" என்றார்.

அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. பிறகும் பார்க்கவில்லை. ஏமாற்றப் பார்த்தவனை ஏன் நம்பினார் என்று எனக்கு விளங்கவேயில்லை. இன்று காலையும் ஒரு குடம் கொண்டுவந்து வைத்தேன்.